பழைய பேப்பருக்கு ஒரு பெயர்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"உன் பொழுதுபோக்கு பற்றிப் பத்து நிமிஷம் பேசுப்பா" என்றார் செயலாளர். பொறியாளனுக்கு ஏதுங்க பொழுது, அதைப் போக்குவதற்கு? இருந்தாலும் ஒன்று உண்டு. பழைய பணக் காகிதங்களைச் சேர்க்கிறேன். அது ஒரு தப்பிலிருந்து தொடங்கியது.

என் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக சைகோனில் இருந்தவர். நான் இங்கே இரண்டாம் ஆண்டு படிக்கும்போது காலமானார். வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும். அவருடைய தகரப் பெட்டியைக் காலி செய்வது என் பொறுப்பு. உள்ளே கட்டுக் கட்டாகக் காகிதம். பென்ஷன் சீட்டுகள், பாட்டிக்குப் பணம் அனுப்பிய ரசீதுகள், முத்திரை குத்திய கடன் பத்திரங்கள். எனக்குத் தெரிந்த ஒரே பெயர் 'பழைய பேப்பர்'. எடைக்குப் போட்டுவிட்டேன். வந்த காசில் நண்பர்களோடு டீயும் சமோசாவும் ஆயிற்று. சாயங்காலம் பாட்டி பெட்டியைத் திறந்து பார்த்தார். "அவர் அனுப்பின காசுக்கெல்லாம் அதுலதான்டா கணக்கு இருந்துது" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. மறுநாள் கடைக்கு ஓடினேன். சரக்கு லாரி ஏறிப் போயிருந்தது.

பெட்டியின் அடியில் விரித்திருந்த தாளுக்குக் கீழே ஒரே ஒரு நோட்டு தப்பியிருந்தது. பாங்க் தெ லாந்தோஷீன் வெளியிட்ட ஒரு ரூபாய். 1875-இல் தொடங்கிய அந்த வங்கி, 1877-இல் நம் ஊரில் கிளை திறந்தது. பாரதி பூங்கா அருகே யூகோ வங்கி இயங்கும் பழைய கட்டடம் அதனுடையதுதான். முதல் உலகப் போருக்குப் பிறகு ஒரு ரூபாய் நோட்டும், 1937-இல் ஐந்து ரூபாய் நோட்டும் வந்தன. ஐம்பது ரூபாயில் துய்ப்ளேக்ஸ் படம். இவை 1954 வரை புழங்கின. சைகோனில் பியாஸ்தர் நோட்டு அடித்ததும் அதே வங்கிதான். தாத்தா அங்கே வாங்கிய சம்பளமும் பாட்டி இங்கே செலவழித்த ரூபாயும் ஒரே வங்கியின் பெயர் தாங்கியவை!

அந்த நோட்டை வைத்துக்கொண்டு விசாரித்தபோதுதான், இதற்கெல்லாம் பெயர் இருப்பது தெரிந்தது. நோட்டு சேர்ப்பது நோட்டாஃபிலி. பங்குப் பத்திரம், கடன் பத்திரம் சேர்ப்பது ஸ்கிரிப்போஃபிலி. அது 1970-களில்தான் பிறந்த சொல். ரசீது, சீட்டு, பில் எல்லாம் எஃபெமெரா. 'ஒரு நாள் வாழ்வது' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நான் எடைக்குப் போட்டதில் பெரும்பகுதி அதுதான்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். 2016 நவம்பரில் செல்லாமல் போன 500, 1000 ரூபாய் நோட்டுகளை நினைத்துப் பாருங்கள். 2017-இல் வந்த சட்டப்படி அவற்றில் பத்துக்கு மேல் வைத்திருந்தால் அபராதம். ஆனால் படிப்பு, ஆய்வு, நாணயவியல் என்றால் இருபத்தைந்து வரை வைத்திருக்கலாம். ஒரு பெயர் இருந்ததால் பதினைந்து நோட்டு கூடுதலாகப் பிழைத்தது.

தமிழில் நாம் என்ன சொல்வது? நோட்டுக்குப் 'பணத்தாள் சேகரிப்பு' என்கிறோம், நன்றாகவே இருக்கிறது. மற்றவற்றுக்கு நான் வைத்திருக்கும் பெயர் 'காசோலைப் பெட்டி'. செக்கைக் காசோலை என்றும், டிராஃப்டை வரைவோலை என்றும் சொல்கிற நம்மிடம், காகிதம் வந்த பிறகும் ஓலை போகவில்லை பாருங்கள். உண்டியல் என்றால் இன்று கோயில் பெட்டி. நகரத்தார் வணிகத்திலோ, வெளியூரில் பணம் கொடுக்கச் சொல்லும் சீட்டுக்கே அந்தப் பெயர். சீட்டு போனது, சொல் மிஞ்சியது. நம் வீடுகளில் சீட்டு இன்னும் இருக்கிறது, அதற்குச் சொல்தான் இல்லை.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது அவசரப்படாதீர்கள். காகிதத்தில் பின் இருந்தால் எடுத்துவிடுங்கள், துருவேறும். செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் வேண்டவே வேண்டாம். ஒரு கவரில் போட்டு, இது யாருடையது, எதற்கு என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு மேலே எழுதி வையுங்கள். கேட்பதற்கு அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.

என் பாட்டியிடம் அந்த ஒரு ரூபாயைக் கொடுத்தபோது, "இதை நீயே வச்சுக்கோ" என்றார். வைத்திருக்கிறேன்.