தாளமும் படச்சட்டமும்: ஒலி மென்பொருளைத் தேர்ந்தெடுத்தல்



தமிழ்க் குறும்படமும் வானொலி நாடகமும் உருவாக்கும் மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் வினா, "எந்த ஒலி மென்பொருள் சிறந்தது?" என்பதாகும். விடை கூறுமுன் நான் ஒன்றைத் திருப்பிக் கேட்பதுண்டு: உங்கள் பணியில் காலத்தை அளப்பது எது? தாளமா, படச்சட்டமா?

இசையமைப்பாளர்க்குக் காலம் என்பது தாளக்கட்டு. ஏபில்டன் லைவ், எஃப்.எல். ஸ்டுடியோ, கியூபேஸ் முதலியன அவ்வளவையையே அடித்தளமாகக் கொண்டு வளர்ந்தவை. சுரத்தைப் பதினேழாம் தாளவட்டத்தின் முதல் அடியில் வைக்கிறோம். வேகத்தை மாற்றினால் சுரமும் உடன் நகர்கிறது. அது நகரத்தான் வேண்டும். படத்தின் பின்தயாரிப்பில் ஈடுபடுவோர்க்கோ காலம் என்பது மணி, நிமிடம், வினாடி, சட்டம். இவ்வட்டாரத் தொலைக்காட்சியில் வினாடிக்கு 25 படச்சட்டங்கள். கதவு மூடும் ஒலி, கதவு மூடும் சட்டத்திலேயே நிற்க வேண்டும். யார் எதை மாற்றினாலும் அது அசையலாகாது.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். நிமிடத்திற்கு 96 அடி என்னும் வேகத்தில், நான்கடித் தாளவட்டத்தில், பதினேழாம் வட்டம் சரியாக 40ஆம் வினாடியில் தொடங்கும். கதவொலியை அங்கே பொருத்திவிட்டோம். பின்னர், பின்னணி இசை சற்று நிதானமாக ஒலிக்கட்டும் எனக் கருதி வேகத்தை 92 ஆக்குகிறோம். அவ்விடம் 41.7 வினாடிக்குச் சென்றுவிடும். திரையில் கதவு மூடி 43 சட்டங்கள் கடந்த பின்னரே ஒலி கேட்கும்! கியூபேஸ், ரீப்பர் ஆகியவற்றில் ஒரு தடத்தைத் தாளத்தினின்று விடுவித்து வினாடியோடு பிணைக்க இயலும். ஆயினும் அவ்வசதி இருப்பதை அறிந்து, ஒவ்வொரு தடத்திலும் அதனை மறவாமல் அமைக்க வேண்டும்.

ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் இசைக்குக் கியூபேஸையும் படத்தொழிலுக்கு நுவெண்டோவையும் தனித்தனியே விற்பதன் காரணமும் இதுவே. இரண்டும் உடன்பிறப்புகள், தோற்றத்திலும் பெரிதும் ஒத்தவை. எனினும் உரையாடலை மறுபதிவு செய்வதற்கும், படத்தொகுப்பில் வெட்டு மாறும்போது ஒலிகளை அதற்கேற்ப இடம் மாற்றுவதற்கும் உரிய கருவிகள் நுவெண்டோவிலேயே விரிவாக உள்ளன. ஃபேர்லைட் என்னும் பெயரின் வரலாறு இன்னும் சுவையானது. 1979இல் சிட்னியில் இசைக்கருவியாகப் பிறந்தது அது. பின்னாளில் படத்துறை ஒலிப்பணிக்கு மாறிற்று. 2016இல் பிளாக்மேஜிக் நிறுவனம் அதனை வாங்கியது. இன்று டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே அதன் பகுதி நமக்குக் கிட்டுகிறது.

தமிழ்பேசும் படைப்புகளில் மூன்றாவது காலவளவை ஒன்றும் உண்டு. அதுவே மாத்திரை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என நாம் வகுப்பறையில் கற்பிப்பது ஒலிப்பதிவுக் கூடத்தில் உயிருள்ள உண்மையாகிறது. 'பட்டு' என்று சொல்லிப் பாருங்கள். நுனிநா மேலண்ணத்தைத் தொட்டு நிற்கும் ஒரு கணம் காற்று அடைபடுகிறது. ஒலியலையின் படத்தில் அவ்விடம் ஏறத்தாழ வெறுமையாகத் தோன்றும். அந்த வெறுமைதான் ஒற்று. மௌனப் பகுதிகளைத் தானே வெட்டும் வசதி பல மென்பொருள்களில் உள்ளது. அதன் கால எல்லையை மிகக் குறுகியதாக அமைத்து, எஞ்சிய துண்டுகளை நெருக்கி ஒட்டினால், 'பட்டு' நைந்து 'படு'வை நெருங்கும். ஒற்று மிகுமிடம், மிகாவிடம் என்று ஆண்டு முழுவதும் கற்பித்துவிட்டு, ஒரு சொடுக்கில் அதனை இழப்பதா? உரையாடலைக் கையால், அலையைக் கண்ணால் கண்டு, சொல் சொல்லாகச் செப்பனிட வேண்டும். அதற்கு ஒவ்வொரு துண்டின் ஒலியளவையும் தனித்தனியே உயர்த்தவும் தாழ்த்தவும், வெட்டிய இடத்தில் அறையின் இயல்பொலியை இட்டு நிரப்பவும் எளிதான மென்பொருளே உகந்தது. நான் கேட்ட மாணவர் குறும்படங்கள் பலவற்றில் இசை அழகாக ஒலித்தது. பாத்திரங்களின் பேச்சுத்தான் விளங்கவில்லை.

இசையமைப்பு மென்பொருள்களும் நம் இசைக்கு முற்றும் பொருந்திவிடுவதில்லை. சுரங்களைச் சதுரக் கட்டங்களில் அடுக்கும் திரையில் கமகம் அடங்காது. சுருதியை வளைக்கும் கோட்டைத் தனியே வரைந்தாக வேண்டும். ஆலாபனைக்குத் தாளக்கட்டமே வேண்டியதில்லை. இவை தனியோர் உரைக்குரிய பொருள்.

பாட்டுக் கட்ட விழையும் மாணவர்க்குச் சிங்கப்பூரில் தோன்றிய பேண்ட்லேப் போதும். உலாவியிலேயே இயங்குகிறது, கட்டணமில்லை. குறும்படத்திற்கு ஃபேர்லைட் பகுதியைப் பயன்படுத்துங்கள். நாடக ஒலிப்பதிவுக்கு ரீப்பர் நன்று. 60 நாள் கட்டணமின்றி முயன்று பார்க்கலாம். ஒலித்துறையையே தொழிலாகக் கொள்ள எண்ணுவோர் புரோ டூல்ஸ் கற்பதைத் தவிர்க்க இயலாது. எதுவாயினும், படத்துக்குரிய பணியை 48,000 மாதிரி வீதத்தில் தொடங்குங்கள். 44,100இல் பதிந்த குரலைத் தவறுதலாக 48,000 எனக் கொண்டு ஒலிக்கவிட்டால், சுருதி ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுரம் உயர்ந்து தந்தையார் குரல் தம்பியின் குரலாகிவிடும்.

பணம் செலுத்துமுன் ஆசிரியர்கள் ஒரு சோதனை செய்து பாருங்கள். உரையாடலும் கதவொலியும் இசையும் கொண்ட ஒரு நிமிடக் காட்சியை மென்பொருளில் ஏற்றி, இசையின் வேகத்தை மாற்றுங்கள். கதவொலி நகர்கிறதா என்று நோக்குங்கள். பிறகு படத்தை அணைத்துவிட்டு, கதையறியாத ஒரு மாணவரை அழைத்து, கேட்ட உரையாடலை எழுதித் தரச் சொல்லுங்கள்.