துளை எங்கே போடுவது?

வீட்டுக்குப் புதிதாக நெட் இணைப்பு வாங்குகிறவர்கள் பிளானைப் பற்றித் துருவித் துருவி விசாரிப்பார்கள். மாதம் எவ்வளவு, எத்தனை எம்பிபிஎஸ், ஆறு மாதத்துக்கு மொத்தமாகக் கட்டினால் ஏதாவது குறைப்பார்களா, டிவி சேனலும் கூட வருமா என்று எல்லாம் கேட்பார்கள். மோடம் எங்கே உட்காரப் போகிறது என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. லைன் இழுக்க வந்த தம்பி டிரில் மெஷினைக் கையில் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க, வயரை இப்படியே உள்ள விட்டரலாமுங்களா?" என்பார். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருக்கும். வீட்டு அம்மா "செரி, விடுங்க" என்று சொல்லிவிடுவார். அடுத்த நாலைந்து வருஷத்துக்கு அந்த வீட்டு நெட்டின் வேகம் பாதிக்குப் பாதி அந்த ஒரு பேச்சிலேயே முடிவாகிவிடுகிறது.

கோவை மாவட்டத்துக் காரமடைப் பக்கம் வீடுகள் இரண்டு தினுசு. அரங்கநாதர் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். வெள்ளியங்காடு, தோலம்பாளையம், மருதூர், பெள்ளாதி என்று போனால் கறிவேப்பிலைக் காட்டுக்கும் வாழைத் தோப்புக்கும் நடுவில் தன்னந்தனியாக நிற்கும் தோட்டத்துச் சாளைகள். இரண்டு இடத்திலும் "நெட்டு சுத்திட்டே இருக்குதுங்க" என்ற புகார் ஒன்றுதான். ஆனால் காரணம் ஒன்றல்ல.

கொஞ்சம் பழங்கதை. இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று. பெருநகரங்களில் மட்டும்தான் அப்போது கிடைத்தது. பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் 2005 ஜனவரியில் தொடங்கியது. 2004-ஆம் ஆண்டு அரசுக் கொள்கைப்படி 256 கேபிபிஎஸ் வந்தாலே அதற்கு பிராட்பேண்ட் என்று பெயர். அந்த வேகத்தில் 5 எம்பி உள்ள ஒரு சினிமாப் பாட்டு இறங்க ஏறக்குறைய மூன்று நிமிஷம் ஆகும். பாட்டை ரேடியோவில் கேட்டு முடித்துவிடலாம். 2023-ல்தான் அந்த வரையறையை 2 எம்பிபிஎஸ் என்று உயர்த்தினார்கள்.

பிராட்பேண்ட் தொடங்கிய காலத்தில் இணைப்பு வந்தது தொலைபேசிச் செம்புக் கம்பியில். டெலிபோன் எக்சேஞ்சிலிருந்து வீடு எவ்வளவு தூரமோ அவ்வளவுக்கு வேகம் குறையும். நாலு கிலோமீட்டர் தள்ளித் தோட்டத்தில் இருப்பவர் எந்தப் பிளான் போட்டாலும் பலன் குறைவுதான். மழை பெய்து ஜாயின்டில் தண்ணீர் இறங்கினால் போனில் கரகரப்பு, நெட் அறவே இல்லை. அந்தக் காலத்து ஆட்களுக்கு இன்னும் அந்தக் கணக்கு மனசில் இருக்கிறது. "நாங்க தூரமா இருக்கறோம், அதான் ஸ்லோ" என்று தாங்களே சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள்.

இப்போது வருவது ஃபைபர், அதாவது தலைமுடி கனத்துக் கண்ணாடி இழை. அதற்குள் ஓடுவது வெளிச்சம். வீடுகளுக்குப் போடும் ஜிபான் என்ற முறையில் இருபது கிலோமீட்டர் வரைக்கும் வேகம் குறையாமல் கொண்டுவரலாம். ஆகவே எக்சேஞ்சுக்குப் பக்கத்து வீடும் மலையடிவாரத்துச் சாளையும் இந்த விஷயத்தில் சமம். பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோகும் வேலையை டான்ஃபிநெட் என்ற அரசு நிறுவனம் செய்கிறது. அது ஊராட்சி அலுவலகம் வரை. அங்கிருந்து வீட்டுக்கு வருகிற கடைசித் துண்டுதான் நம்மைப் படுத்துகிற துண்டு.

அந்தத் துண்டை டிராப் வயர் என்பார்கள். கறுப்பாக, பட்டையாக, உள்ளே ஒரு எஃகுக் கம்பியோடு கம்பத்துக்குக் கம்பம், தென்னைக்குத் தென்னை தாவி வரும். இட்டேரி ஓரம் கிலுவை வேலியில் சாய்ந்து கிடக்கும். அணில் கடிக்கும். உயரமாகச் சுமை ஏற்றிய லாரி அறுத்துப் போகும். அறுந்தால் பிரச்சினை சுலபம்: மோடத்தில் எல்ஓஎஸ் என்று எழுதிய இடத்தில் சிவப்பு விளக்கு மின்னும். வெளிச்சம் வந்து சேரவில்லை என்று அர்த்தம். சிவப்பைப் பார்த்துவிட்டால் மோடத்தை அணைத்து அணைத்துப் போடுவதில் பயனே இல்லை. நேரே போன் போடுங்கள். பான் என்ற விளக்கு பச்சையாக நிலைத்து எரிந்தால், வெளியிலிருந்து வெளிச்சம் வருகிறது.

வயர் அறுவதைவிடக் கெடுதல் அது மடங்குவது. செம்புக் கம்பியை மடித்து முடிச்சுப் போட்டாலும் மின்சாரம் போகும். கண்ணாடி இழையைக் கூராக வளைத்தால் வெளிச்சம் அந்த வளைவில் வெளியே கசிந்துவிடும். மீந்த வயரைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் அமுக்கி வைப்பது, கதவிடுக்கில் விடுவது, ஆணியடித்து இறுக்குவது இதெல்லாம் அப்படித்தான். முழுக்க நிற்காது, விட்டு விட்டு வரும். கண்டுபிடிப்பதும் கஷ்டம். மீந்ததை ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வட்டமாகச் சுற்றித் தொங்கவிடுங்கள். பச்சைத் தலையுள்ள அந்த முனையைக் கழற்றி ஊதிப் பார்க்காதீர்கள், அதற்குள் கண்ணை வைத்தும் பார்க்காதீர்கள். அதில் வருவது லேசர். நம் கண்ணுக்குத் தெரியாத அலைநீளம். ஒன்றும் தெரியவில்லையே என்று குழந்தைகள் உற்றுப் பார்க்கும். அதுதான் ஆபத்து.

சரி, பச்சை விளக்கு எரிகிறது, ஆனாலும் மெதுவாக இருக்கிறது. இப்போது முதலில் ஒரு கணக்கைச் சரிபார்க்க வேண்டும். பிளானில் எழுதியிருப்பது மெகாபிட். கம்ப்யூட்டரில் ஃபைல் இறங்கும்போது காட்டுவது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆகவே 100 எம்பிபிஎஸ் பிளானில் விநாடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட் இறங்கினால் முழு வேகம். "நூறுன்னு சொல்லிட்டுப் பன்னண்டு குடுக்கறாங்க" என்று சண்டைக்குப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது நூற்றுக்குத் தொண்ணூற்றாறு.

அடுத்து செய்ய வேண்டியது ஒரே ஒரு சோதனை. இன்றைக்கு நான் சொல்வதில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். வைஃபையை விட்டுவிட்டு, மோடத்திலிருந்து ஒரு லேன் வயரை நேராக லேப்டாப்பில் செருகி, வீட்டில் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வேகத்தை அளந்து பாருங்கள். வயரில் முழு வேகம் வந்தால் கம்பெனிக்காரர் மேல் தப்பில்லை. வீட்டுக்குள்ளேதான் எங்கேயோ போகிறது. வயரிலும் வரவில்லை என்றால் அது அவர்கள் பார்க்க வேண்டிய வேலை. போனைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் படுத்தபடி அளந்த எண்ணை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது.

வயரிலும் ஒரு சூது உண்டு. லேன் வயருக்குள் எட்டுக் கம்பி. எட்டும் சரியாக இருந்தால்தான் நூறுக்கு மேல் போகும். முனையில் ஒரு கம்பி விட்டுப்போனால் வேகம் 100-லேயே நின்றுவிடும், வேறு எந்த அறிகுறியும் இருக்காது. சில மலிவு மோடங்களில் துளைகளே நூறு தாங்குகிறவைதான். 300 பிளானுக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் 94, 95 என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். கிணற்றில் அஞ்சு ஹெச்பி மோட்டார் ஓட்டி அரை இஞ்சு ஓஸில் தண்ணீர் பாய்ச்சுகிற கதை. வேகம் எப்போது அளந்தாலும் 95 பக்கத்திலேயே நின்றால் வயரையும் துளையையும்தான் சந்தேகப்பட வேண்டும்.

இனி வைஃபை. வயரில் வந்து காற்றில் தொலைகிற வேகம்தான் நம் ஊரில் அதிகம்.

மோடம் இரண்டு அலைவரிசையில் பேசுகிறது: 2.4 ஜிகாஹெர்ட்ஸ், 5 ஜிகாஹெர்ட்ஸ். 2.4 தூரம் போகும், சுவரைத் தாண்டும், ஆனால் நெரிசல். அக்கம்பக்கத்து வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அந்த ஒரே இடத்தில்தான். கோயில் வீதி மாதிரி நெருக்கமான இடத்தில் போனைத் திறந்தால் பதினைந்து இருபது வைஃபை பெயர் வரும். அங்கே 100 பிளான் 2.4-இல் முப்பது நாற்பதாகத் தெரிவது சகஜம். மோடத்தின் அமைப்பில் சேனலை 1, 6, 11 இந்த மூன்றில் ஒன்றாக வைத்துப் பாருங்கள். அவை ஒன்றையொன்று இடிக்காத சேனல்கள். 5-ல் வேகம் அதிகம், நெரிசல் குறைவு. ஆனால் இரண்டு சுவர் தாண்டினால் மூச்சு வாங்கும். டிவியையும் லேப்டாப்பையும் 5-ல் சேருங்கள். கேட்டுக்குப் பக்கத்தில் உள்ள கேமராவுக்கு 2.4 போதும்.

தோட்டத்துச் சாளையில் நெரிசலே கிடையாது. அங்கே எதிரி சுவர். பழைய வீடுகளில் ஒன்றரை அடி கனத்துக் கருங்கல் சுவர், புது வீடுகளில் கம்பி கட்டிய கான்கிரீட். இரும்பு பீரோ அலையைத் திருப்பி அடிக்கும். பெரிய கண்ணாடி அப்படியே. தண்ணீர் அலையைக் குடித்துவிடும், மேல்தொட்டிக்குக் கீழே மோடம் வைக்கக் கூடாது. ஆனால் நம் வீடுகளில் மோடம் எங்கே இருக்கிறது? டிவிக்குப் பின்னால், ஏனென்றால் கேபிள்காரர் போட்ட துளை அங்கேதான் இருக்கிறது. அல்லது அட்டாலியில், பித்தளை அண்டாவுக்கும் குத்துவிளக்குக்கும் நடுவில், ஏனென்றால் குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது. ஆசாரத்தில் உட்கார்ந்தால் நன்றாக வரும். பையன் படிக்கிற பின்னறையில் சுற்றும்.

மோடம் வீட்டின் நடுவில், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, நாலு பக்கமும் திறந்தாற்போல் இருக்க வேண்டும். துளை ஏற்கெனவே தப்பான இடத்தில் போட்டாகிவிட்டதா? கண்ணாடி இழையை இழுத்துக்கொண்டு அலைய வேண்டாம். மோடம் அங்கேயே இருக்கட்டும். அதிலிருந்து ஒரு லேன் வயரை நடு வீட்டுக்குக் கொண்டுபோய், அங்கே ஒரு சின்ன ரவுட்டரை வைத்துவிடுங்கள். கடையில் ரிப்பீட்டர் என்று பிளக்கில் செருகுகிற ஒன்றைத் தருவார்கள். அது கேட்பதும் பேசுவதும் ஒரே அலைவரிசையில் என்பதால் வேகம் பாதியாகிவிடும். வயர் இழுக்கவே முடியாத இடத்துக்கு மட்டும் அதை வாங்கலாம். தனியாக நிற்கும் மோட்டார் ரூமுக்கோ மாட்டுக் கொட்டகைக்கோ நெட் வேண்டுமென்றால் பைப்புக்குள் வயர் விட்டுக் கொண்டுபோவதுதான் நிலைக்கும்.

பகலில் நன்றாக இருந்து ராத்திரி எட்டு மணிக்கு மட்டும் மந்தமானால் அது வேறு சங்கதி. ஜிபான் முறையில் ஒரு கண்ணாடி இழையை முப்பத்திரண்டு வீடு, சில இடத்தில் அறுபத்துநாலு வீடு பகிர்ந்துகொள்கிறது. மொத்தம் கீழே வருவது இரண்டரை ஜிகாபிட். எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் சினிமா ஓடினால் கூடத் தாங்கும் அளவுதான் அது. பெரும்பாலும் நெருக்கடி அதற்கும் மேலே, உள்ளூர் ஆபரேட்டர் மொத்தமாக வாங்கி வைத்திருக்கும் அளவில் இருக்கும். இதை நீங்கள் சரிசெய்ய முடியாது, நிரூபிக்கத்தான் முடியும். காலை ஆறு மணிக்கும் ராத்திரி எட்டு மணிக்கும் வயரில் அளந்து, மணியோடு எழுதி வையுங்கள். மாசக் கடைசியில் மட்டும் படுத்துவிட்டால், பிளானில் சொன்ன டேட்டா அளவு தீர்ந்து வேகத்தைக் குறைத்திருப்பார்கள். பில்லில் பொடி எழுத்தில் இருக்கும்.

பாஸ்வேர்டு பற்றி ஒரு வார்த்தை. ஒறம்பரை வந்தால் காப்பிக்கு முன்னால் வைஃபை பாஸ்வேர்டு கொடுக்கிற காலம் இது. கொடுங்கள். ஆனால் மோடத்தின் அடியில் ஒட்டியிருக்கும் நிர்வாகப் பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றிவிடுங்கள். பெரும்பாலான மோடங்களில் 192.168.1.1 என்று அடித்தால் அந்தப் பக்கம் திறக்கும். இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலும் அங்கேயே இருக்கும். பக்கத்து வீட்டு டிவி அந்தப் பட்டியலில் இருந்தால், மெதுவாக இருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். உங்கள் இணைப்பில் யார் என்ன வில்லங்கம் செய்தாலும் முதலில் விசாரிப்பது உங்களைத்தான் என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

மலையடிவாரத்தில் சித்திரை மழை இடி மின்னலோடுதான் வரும். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. ஆனால் டிராப் வயரில் எஃகுக் கம்பி இருக்கிறது, மோடத்துக்குக் கரண்ட் பிளக்கும் இருக்கிறது. எஃகுக் கம்பியை வீட்டுக்கு வெளியிலேயே கட்டி நிறுத்திவிடச் சொல்லுங்கள். இடி இடிக்கும்போது பிளக்கைக் கழற்றிவிடுங்கள். மாதாந்திர கரண்ட் ஷட்டவுன் நாளில் வேலை கெடாமல் இருக்க, மோடத்துக்கென்றே சின்ன யுபிஎஸ் கிடைக்கிறது. வாங்கும் முன் மோடம் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட் எண்ணைப் பாருங்கள், பெரும்பாலும் 12. ஓட்டு வீட்டிலும் ஷீட் வீட்டிலும் கூரையை ஒட்டி மோடம் வைத்தால் சூட்டில் தானாக நின்று நின்று வரும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் வயரில் வேகம் இல்லையென்றால் புகார் கொடுக்க வேண்டியதுதான். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2006-ல் வகுத்த தர விதியில், பிளானில் சொன்ன வேகத்தில் எண்பது சதவீதத்துக்கு மேல் சந்தாதாரருக்குக் கிடைக்க வேண்டும் என்று வைத்தது. 2024-ல் புதிய தர விதிகள் வந்திருக்கின்றன. போனில் "நெட்டு வரலைங்க" என்றால் எதிர்முனையில் மோடத்தை அணைத்துப் போடச் சொல்வார்கள். "பான் விளக்கு பச்சையா இருக்குது, லேன் வயருல அளந்தேன், முந்நூறு பிளானுக்கு ராத்திரி எட்டு மணிக்கு அறுவதுதான் வருது" என்று சொல்லிப் பாருங்கள், பேச்சே மாறும். புகார் எண் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சரிசெய்யாமல் இழுத்தால், 2012-ஆம் ஆண்டு விதிப்படி கம்பெனியில் மேல்முறையீட்டு அதிகாரி ஒருவர் இருந்தாக வேண்டும். கட்டணம் எதுவும் இல்லாமல் அவரிடம் போகலாம். அங்கே முதலில் கேட்பது அந்தப் புகார் எண்ணைத்தான்.