சேர்ந்து பாடும்போது
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"சேர்ந்திசை நடத்துறியாமே, பாட்டை எப்படிப்பா பொறுக்குற?" என்று வாசலிலேயே ஒருவர் கேட்டார். கல்லூரி விழாவில் என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கிய அதே ஆசாமி!

எனக்கு வழிகாட்டி எம்.பி. சீனிவாசன் அவர்கள். நேரில் பழகியதில்லை, கேட்டுப் பழகியதுதான். 1960-இல் 'பாதை தெரியுது பார்' படத்துக்கு இசையமைத்தவர். பிறகு மெட்ராஸ் யூத் கொயரை உருவாக்கி, பாரதி பாடல்களைப் பல குரல்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். 1988-இல் லட்சத்தீவில் காலமானார்.

நம் சங்கீதத்தில் எல்லோருக்கும் ஒரே மெட்டு. ஆணுக்கு ஒரு கட்டை, பெண்ணுக்கு ஐந்து கட்டை பொதுவாகச் சௌகரியம். ஒரே சுருதியில் நிறுத்தினால் ஒரு பக்கம் கத்தணும், இல்லே முனகணும். அதனால் நான் முதலில் பார்ப்பது ராகத்தை அல்ல, பிள்ளைகளின் தொண்டையை.

அது மட்டும் போதாது என்று மாமல்லபுரத்தில்தான் தெரிந்தது. மாசி மகத்துக்கு இருளர் மக்கள் அந்தக் கடற்கரையில் வந்து கூடுவார்கள். ஒரு வருஷம் அங்கே பாடினோம். நண்பர் ஒருவர் எங்களுக்கென்றே இசையமைத்த பாட்டு, நான்கு குரல். செங்கல்பட்டில் கொளவாய் ஏரிப் பக்கம் ஒரு மாடியில் இரண்டு மாதம் ஒத்திகை. ரயில் போனால் நிறுத்துவோம். அறைக்குள் தேனாக இருந்தது. கடற்கரையில் கீழ்க்குரலைக் காற்று வாரிக்கொண்டு போய்விட்டது. சுவரில்லாத இடத்தில் பக்கத்தில் பாடுகிறவன் குரலே கேட்காது என்று எனக்கு உறைக்கவில்லை. ஒரு பாட்டி எழுந்து, "என்ன சொல்றீங்கன்னே புரியல கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கோபத்தில் பாதிப் பாட்டை நானே வெட்டினேன். நண்பர் கேள்விப்பட்டு, "வெட்ட நீ யாருடா?" என்றார். நியாயம்தான். ஒரு மாதம் பேச்சில்லை. அடுத்த பௌர்ணமிக்கு நானே போய் அவரை அழைத்துவந்து, அதே மணலில், பாட்டி இருந்த தூரத்தில் உட்கார வைத்தேன். பிள்ளைகள் முழுப் பாட்டையும் பாடினார்கள். ஒன்றும் பேசாமல் எழுந்து போனார்.

நான்கு நாளில் புதுத்தாள் வந்தது. பல்லவி எல்லோருக்கும் ஒரே மெட்டு. சரணத்தில் ஆண்குரல் ஒத்து நாயனம்போல் ஆதார சுருதியைப் பிடிக்க, மேலே பெண்குரல் வார்த்தையைச் சொல்லும். கடைசிச் சரணத்தில்தான் நான்காகப் பிரியும். எனக்குத் தோன்றவே தோன்றாத வழி!

மறு வருஷம் இரண்டாவது பல்லவியில் கூட்டமும் சேர்ந்துகொண்டது. கொஞ்சம் தாளம் ஓடிற்று. நான் கையைக் கீழே போட்டுவிட்டேன்.

இன்று அந்தப் பாட்டைத்தான் பாடப்போகிறோம். பல்லவி இரண்டே வரி. மைக்கைப் பிடுங்கிய நண்பர் தயவுசெய்து முன்வரிசைக்கு வரவும்.