மீதியைத் தொடர்ந்து: பின்னம் தசமமாகும் வழி



தொடக்கப் பள்ளியில் கணக்கு நடத்திய ஓர் ஆசிரியரின் நினைவாக அமைந்த சொற்பொழிவு இது. ஆகவே தொடக்கப் பள்ளிக் கணக்கு ஒன்றையே எடுத்துக்கொண்டேன். பின்னத்தைத் தசமமாக மாற்றுவது எப்படி? தொகுதியைப் பகுதியால் வகு என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறோம். பிள்ளை வகுக்கிறது, ஈவை எழுதுகிறது, மதிப்பெண் வாங்குகிறது. ஓரத்தில் எழுதிக் கழித்த மீதிகளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்தக் கணக்கின் உயிர் அந்த மீதிகளில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

3/8ஐ எடுத்துக்கொள்வோம். 30ஐ 8ஆல் வகுத்தால் ஈவு 3, மீதி 6. 60ஐ வகுத்தால் ஈவு 7, மீதி 4. 40ஐ வகுத்தால் ஈவு 5, மீதி இல்லை. 0.375 என்று முடிந்துவிட்டது. இனி 1/7. ஈவுகள் 1, 4, 2, 8, 5, 7 என்று வருகின்றன. மீதிகளோ 3, 2, 6, 4, 5, 1. கடைசியில் வந்த 1தான் நாம் வகுக்கத் தொடங்கிய எண். தொடங்கிய எண்ணே திரும்பி வந்துவிட்டால் இனி நடப்பதெல்லாம் முன்பு நடந்ததுதான். ஏழால் வகுக்கும்போது பூச்சியம் தவிர ஆறே மீதிகள் வர முடியும். ஆகவே ஆறு படிகளுக்குள் ஏதோ ஒன்று திரும்பியே தீர வேண்டும். 142857 சுழல்வதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை. 2/7 கேட்டால் மீண்டும் வகுக்கவும் வேண்டாம். மீதி 2 வந்த இடத்திலிருந்து அதே வட்டத்தைப் படித்தால் 0.285714 கிடைத்துவிடும்.

கணிப்பானில் 1ஐ 17ஆல் வகுத்துப் பாருங்கள். எட்டு இலக்கத் திரையில் 0.0588235 என்று வந்து நின்றுவிடும். அது முடிந்த தசமமா, சுழலும் தசமமா என்று திரையைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. கையால் வகுத்து மீதிகளைக் குறித்துக்கொண்டே போகும் பிள்ளைக்குப் பதினாறாவது படியில் 1 திரும்பி வரும். 0588235294117647 என்ற முழு வட்டத்தையும் அது தன் கையாலேயே எழுதியிருக்கும். கணிப்பான் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதைக் கையில் கொடுப்பதற்கு முன் இந்த ஒரு வகுத்தலையாவது பிள்ளைகள் முழுதாகச் செய்யட்டும் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

எது முடியும், எது சுழலும் என்பதை வகுக்காமலே சொல்லலாம். ஒவ்வொரு படியிலும் மீதியைப் பத்தால் பெருக்குகிறோம். பத்தின் பகாக் காரணிகள் 2, 5 மட்டுமே. சுருக்கிய பின்னத்தின் பகுதியில் இந்த இரண்டைத் தவிர வேறு பகா எண் இருந்தால், எத்தனை முறை பத்தால் பெருக்கினாலும் அது கரையாது. மீதி ஒருநாளும் பூச்சியம் ஆகாது.

இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு நம் எண்சுவடிக் கணக்குக்குப் போனால் மனம் நிறைகிறது. முந்திரி 1/320, காணி 1/80, மா 1/20, மாகாணி 1/16, அரைக்கால் 1/8. 320 என்பது ஆறு இரண்டுகளையும் ஓர் ஐந்தையும் பெருக்கி வந்த எண். ஆகவே முந்திரி முதல் முக்கால் வரை திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்த இந்தப் பின்னங்கள் எல்லாமே முடிவுறும் தசமங்கள். முந்திரி 0.003125. மா 0.05, காணி 0.0125, கூட்டினால் 0.0625, அதுவே மாகாணி. பழைய வாய்ப்பாட்டையும் தசமத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு வகுப்பு நடத்தினால் இரண்டுமே பிள்ளைகளுக்கு விளங்கும்.

1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய் நூறு நயா பைசா ஆனபோது நாடே இந்தக் கணக்கைப் போட வேண்டியிருந்தது. ஓர் அணா என்பது ரூபாயில் 1/16, சரியாக 6.25 நயா பைசா. அந்தக் கால் பைசாவுக்கு நாணயம் இல்லாததால் ஓர் அணாவுக்கு 6 பைசா, மூன்று அணாவுக்கு 19 பைசா என்று மாற்று அட்டவணை வகுத்தார்கள். நாலணா 25, எட்டணா 50 என்பவற்றில் சிக்கல் இல்லை. ஆனால் ஓர் அணா வீதம் பதினாறு முறை மாற்றியவருக்கு வந்தது 96 பைசாதான். அணாவாவது முடிவுறும் தசமம். அதன் பன்னிரண்டில் ஒரு பங்கான தம்பிடியோ ரூபாயில் 1/192. 192க்குள் ஒரு 3 இருப்பதால் 0.005208333... என்று ஓடிக்கொண்டே இருக்கும்.

அடி எண் மாறினால் விதியின் முகமும் மாறும். கணினி இரண்டை அடியாகக் கொண்டது. அங்கே ஐந்துக்கு இடமில்லை. நமக்கு 0.1 என்று முடிந்துவிடும் பத்தில் ஒன்று, இரண்டடி எண்முறையில் முடிவின்றிச் சுழலும். வளைகுடாப் போரில், சவூதி அரேபியாவின் தஹ்ரானில் இருந்த பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு நேரத்தைப் பத்தில் ஒரு விநாடிகளாக எண்ணி, அதை 1/10ஆல் பெருக்கி விநாடியாக்கியது. அந்த 1/10ஐ 24 பிட்டுகளில் வெட்டி வைத்திருந்தார்கள். ஏறத்தாழ நூறு மணிநேரம் நிறுத்தாமல் ஓடியதில் வெட்டுப்பட்ட சிறு துணுக்குகள் சேர்ந்து சுமார் 0.34 விநாடிப் பிழையாக வளர்ந்தன. அதற்குள் ஸ்கட் ஏவுகணை அரைக் கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும். 1991 பிப்ரவரி 25 அன்று வந்த ஸ்கட்டை அந்த அமைப்பு தவறவிட்டது. 28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள்.

மீண்டும் வட்டங்களுக்கு வருகிறேன். 1/7க்கு ஆறு இலக்கம். வரக்கூடிய மீதிகள் எல்லாமே வந்துவிடுகின்றன. 1/13க்குப் பன்னிரண்டு வரலாம், ஆனால் 076923 என்று ஆறிலேயே திரும்பிவிடுகிறது. 1/11க்கு இரண்டு, 1/37க்கு மூன்று, 1/41க்கு ஐந்து. 2, 5 நீங்கலாகப் பகா எண் எதுவாயினும், வட்டத்தின் நீளம் அதற்கு ஒன்று குறைந்த எண்ணை மிச்சமின்றி வகுக்கும் என்பது தெரிந்த உண்மை. கணிதவியலர் காஸ் 1801இல் வெளியிட்ட தம் எண்கணித நூலில், 100க்கு உட்பட்ட பகா எண்களுக்கு இந்தத் தசம வட்டங்களை அட்டவணையாகவே தந்தார்.

நூறுக்குள் ஏழைப் போல முழு வட்டம் வருகிறவை 7, 17, 19, 23, 29, 47, 59, 61, 97 ஆகிய ஒன்பது. இப்படிப்பட்டவை முடிவின்றி உண்டா? உண்டு, எல்லாப் பகா எண்களிலும் ஏறக்குறைய 37.4 விழுக்காடு இவையே என்பது எமில் ஆர்ட்டின் 1927இல் முன்வைத்த அனுமானத்திலிருந்து கிடைக்கும் விடை. பொதுமைப்படுத்திய ரீமான் கருதுகோள் மெய்யானால் இதுவும் மெய் என்று கிறிஸ்டோபர் ஹூலி 1967இல் நிறுவினார். அந்தக் கருதுகோளை இன்றுவரை யாரும் நிறுவவில்லை. அதைச் சாராமல், பத்தை வைத்து நாம் கேட்கும் இந்தக் கேள்விக்கும் எவரும் விடை காணவில்லை.