எண்ணிப் பார்த்தவர்



எங்கள் ஊர் அச்சகத்தில் ஒரு கம்பாசிட்டர் இருந்தார். பேரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் பிடிக்காது அவருக்கு. ஈய எழுத்துக் கேஸைச் சாயங்காலம் ஒரு பார்வை பார்ப்பார். "இன்னிக்கு இதுல என்ன ஓடுச்சுன்னு சொல்லவா தம்பி? 'ப்' தீர்ந்திருக்கு, அப்போ சர்க்கார் அறிவிப்பு. அறிவிக்கப்படுகிறது, கோரப்படுகிறது, நிராகரிக்கப்படும்! கேள்விக்குறி தீர்ந்திருந்தா, அது கதை" என்பார். கை தட்டுகிறீர்கள். தட்டுங்கள், அது அவருக்குச் சேர வேண்டியது!

அந்த வேலையைத்தான் 1988-ல் டக்ளஸ் பைபர் என்ற அமெரிக்க அறிஞர் ஆங்கிலத்துக்குச் செய்து, புத்தகமாகப் போட்டார். 481 பனுவல்கள், 67 மொழிக்கூறுகள். 'நான்', 'நீ' எத்தனை, பெயர்ச்சொல் எத்தனை, செயப்பாட்டுவினை எத்தனை என்று கணிப்பொறியை வைத்து எண்ணினார். எது வந்தால் எது கூட வருகிறது, எது ஒதுங்கிக்கொள்கிறது என்று பார்த்தார். கண்டது என்ன? சொந்தக் கடிதம் எழுத்துதானே? அது அலுவலக ஆவணத்தின் பக்கம் போய் நிற்கவில்லை. நேரில் பேசும் பேச்சின் பக்கத்தில் வந்து நின்றது! எழுத்து ஒரு கரை, பேச்சு ஒரு கரை என்பதெல்லாம் அங்கேயே உடைந்துபோயிற்று.

இங்கே சிலர் இருக்கிறார்கள். 'இலக்கியத்தைக் கணக்குப் போடலாமா, பேச்சுத்தமிழ் கொச்சையல்லவா' என்பார்கள். ஐயா, உங்களைத்தான் கேட்கிறேன். பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எந்தத் தமிழில் கொஞ்சுகிறீர்கள்? 'அழுதல் தவிர்க்கப்படுக' என்றா? பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல் என்று ஏழாகப் பிரித்துவைத்தாரே தொல்காப்பியர்! விடுகதைக்கும் பழமொழிக்கும் அதில் இடம் கொடுத்தாரே! அவரைவிடவா நீங்கள் தமிழைக் காப்பாற்றப் போகிறீர்கள்?

என் ஆற்றாமையைச் சொல்லிவிடுகிறேன். 1995-ல் பைபரே இன்னொரு நூல் எழுதினார். ஆங்கிலத்தோடு கொரியன், 1972-ல்தான் அரசு எழுத்து முடிவான சோமாலி, பசிபிக் கடலில் நுகுலேலே என்ற குட்டித்தீவின் துவாலு மொழி. நாலு மொழி! அந்தத் தீவுக்காரர் எழுதிய கடிதம் வரைக்கும் எண்ணியிருக்கிறார்கள். அவர்களை வாழ்த்துகிறேன். ஆனால் வீட்டுக்கொரு தமிழ், மேடைக்கொரு தமிழ், நீதிமன்றத்துக்கொரு தமிழ் வைத்திருக்கிற நாம் அந்த வரிசையில் இல்லையே!

எங்கள் ஊர் அச்சகத்துக்கு ஆப்செட் அச்சு வந்தது. அந்தக் கேஸையெல்லாம் எடைக்குப் போட்டார்கள். நாற்பது வருஷம் அந்தக் கம்பாசிட்டர் விரல் எண்ணிய கணக்கை யாரும் எழுதி வாங்கவில்லை. நானும் வாங்கவில்லை.

ஆகவே கேட்கிறேன். பரணில் கிடக்கும் பழைய கடிதங்களை எரிக்காதீர்கள். பாட்டி சொல்லும் கதையைச் செல்போனிலாவது பதிந்து வையுங்கள். தம்பிமார்களே, கணிப்பொறி படித்தவர்கள் நீங்கள்; அவற்றை வாங்கி எண்ணுங்கள். தமிழில் எண்ணுவது என்றால் நினைப்பதும்தான். எண்ணும்போது அந்தக் கம்பாசிட்டரையும் எண்ணுங்கள்.