கரப்புடுப்பும் ஸ்பைடர்மேனும்

பள்ளிக்கூட வினோத உடைப் போட்டிக்கு ஸ்பைடர்மேன் உடுப்புத் தேடிக் கடை கடையாய் அலைகிற பெற்றோருக்கு இன்று ஒரு தகவல். திருக்கேதீஸ்வரம் இருக்கிற மன்னார் மாதோட்டத்துக்கு வீரர் வேஷம் புதிதல்ல. மன்னார்க் கூத்தில் வடபாங்கு, தென்பாங்கு என்று இரண்டு பாணிகள். தென்பாங்குக்கு மாதோட்டப் பாங்கு என்றே பெயர். கத்தோலிக்கக் கதைகள்தான் கூடுதல். ஐரோப்பியச் சக்கரவர்த்தி ஒருவர்கூட இங்கே தமிழ் பாடியிருக்கிறார்! அவர் கதையைச் சொல்லும் ‘எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம்’ 1964இல் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பதிப்பித்து அச்சில் வந்தது.

ஈழத்துக் கூத்துகள் பலவற்றில் ராசாவுக்குரியது கரப்புடுப்பு. இடுப்பிலிருந்து கீழே கோழி மூடும் கரப்புப்போல விரிந்து நிற்கும். உள்ளே பிரம்பு வளையம். வெளியே பட்டுத்துணி, கண்ணாடித் துண்டு, சரிகை. விளக்கு வெளிச்சத்தில் ராசா ஒருமுறை சுழன்றால் போதும், கடைசி வரிசைக்கும் மின்னும். ஆனால் பாரம்! விடிய விடிய அதைச் சுமந்து ஆடினார்களே, அவர்களையல்லவா சூப்பர் ஹீரோ என்னவேண்டும்!

வீட்டில் தைப்பவர்கள் பாரத்தைக் குறையுங்கள். பழைய டீசேர்ட்டில் சிலந்திச் சின்னத்தை வெட்டித் தைத்தாலே போதும். கையிலும் காலிலும் இரண்டு விரல் துணி உள்ளே மடித்து விடுங்கள். அடுத்த வருஷம் பிரித்து நீட்டலாம். மேலங்கி உள்ள வேறு வீரர் வேஷமென்றால், அதைக் கழுத்தில் முடிச்சுப் போடாமல் தோளில் வெல்க்ரோ வைத்து ஒட்டுங்கள். எங்கேயாவது மாட்டி இழுபட்டால், பிள்ளையின் கழுத்தை நெரிக்காமல் கழன்றுவிடும்.