செம்பரம்பாக்கமும் என் கோட்டு வரைபடமும்

எங்க குன்றத்தூர்ல மழை வலுத்தா எல்லாரும் கேட்கிற கேள்வி ஒண்ணுதான்: "செம்பரம்பாக்கம் எவ்வளவு அடி?" 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்த ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்துவிட்டார்கள். அதிலிருந்து வந்த பழக்கம் இது.

சென்னைக் குடிநீர் வாரியம் ஏரிகளின் நீர் இருப்பைத் தினமும் வெளியிடுகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த எண்களை எடுத்து, டி3 என்கிற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியில் ஒரு கோட்டு வரைபடம் செய்தேன். லிங்க்கைத் தெரு வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டேன்.

மறுநாள் காலை கீழ்வீட்டு அக்கா அரிசி மூட்டையை மாடிக்கு ஏத்திட்டு இருந்தாங்க. "நீதானேப்பா போட்டே? கோடு உச்சிக்கே போயிடுச்சே!"

உண்மையில் ஏரி பாதிகூட நிரம்பவில்லை. தப்பு என்னுடையது. செங்குத்து அச்சை அந்த வாரத்தின் குறைந்த அளவில் தொடங்கி, அதிக அளவில் முடித்திருந்தேன். அதனால் சின்ன ஏற்றம்கூட மலை மாதிரி தெரிந்தது.

இப்போது அச்சு பூஜ்யத்தில் தொடங்கி, ஏரியின் முழுக் கொள்ளளவான 3,645 மில்லியன் கன அடியில் முடிகிறது. திறந்துவிடும் தண்ணீருக்குத் தனிக் கோடும் சேர்த்தேன். கரையோரம் இருக்கிறவங்களுக்கு அதுதானே முக்கியம்?

அச்சுக்காக கோடில் மாற்றியது ஒரே ஒரு வரி. அந்த வரியை நம்பி ஒருத்தங்க மூட்டை தூக்குவாங்கன்னு அதை எழுதும்போது எனக்குத் தோணலை.

அக்கா இப்பவும் அந்த வரைபடத்தைப் பார்க்கிறாங்க. ஆனா எனக்கு ஒரு ஃபோன் பண்ணிக் கேட்ட பிறகுதான் நம்புறாங்க.